கார் ஸ்பீக்கரும் கதவு ஓட்டையும்

நம் சங்க அன்பர்கள் பலரிடம் இப்போது கார் இருக்கிறது. ஞாயிறு காலை குடும்பத்தோடு மலை மந்திருக்குப் போகும்போது பாட்டுப் போடாதவர்கள் குறைவு. ஆனால் ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டியில் ஒரு கச்சேரியைப் போட்டுக் கேளுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை 'டிக் டிக்' என்று வந்துவிடும். இடந்தலையின் கும்கி மட்டும் வராது. ஒலியைக் கூட்டினாலோ, கிழிந்த முறத்தைத் தட்டியதுபோல் 'பர்ர்' என்று ஒரு சத்தம்.

இதற்கு வழி கேட்டு கரோல்பாக்கில் ஒரு கடை ஏறினேன். "அங்கிள்ஜி, நாலு ஸ்பீக்கரையும் மாற்றி, ஆம்பிளிஃபயர் வைத்து, டிக்கியில் பன்னிரண்டு அங்குல வூஃபர் போட்டுவிடுவோம், முப்பதாயிரத்தில் முடித்துத் தருகிறேன்" என்றார் கடைக்காரர். டிக்கியில் வூஃபர் உட்கார்ந்தால் ஊருக்குப் போகும்போது பெட்டி, படுக்கையை மடியிலா வைத்துக்கொள்வது? என் வண்டியின் முன்கதவு இரண்டையும் மட்டும் சரிசெய்தேன். மொத்தம் ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

முதலில் எந்த ஸ்பீக்கர் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். செட்டில் பாலன்ஸ், ஃபேடர் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. அவற்றை ஒவ்வொரு மூலைக்கும் தள்ளி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். பிறகு சந்தேகப்பட்டதைக் கழற்றி, ஒயரைப் பிரித்து, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நாலு ஓம் ஸ்பீக்கர் மூன்றிலிருந்து நாலு ஓமுக்குள் காட்டும். முள் அசையவே இல்லை என்றால் உள்ளே வாய்ஸ் காயில் அறுந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தும் கரகரத்தால், இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் காந்தத்தில் இடிக்கிறது. கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் வெயிலிலும் ஈரத்திலும் மட்கிக் கிழிந்திருப்பதையும் அநேகமாகப் பார்க்கலாம்.

ஸ்பீக்கர் எரிவது அதிக பவரால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். செட்டின் அட்டைப் பெட்டியில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி ஓடும்போது பாட்டரியில் 14.4 வோல்ட். அதற்கு மேல் செட்டால் அலையைத் தூக்க முடியாது. அதை 1.414ஆல் வகுத்தால் 10.2. அதன் வர்க்கத்தை நாலு ஓமால் வகுத்தால் 26 வாட். உள்நஷ்டம் போக நிஜமாகக் கிடைப்பது இருபதுக்குள். இதற்கு மேலும் ஒலியைக் கூட்டினால் அலையின் தலை மழுங்கித் தட்டையாகிறது. அந்தத் தட்டை அலைதான் காயிலைச் சூடாக்குகிறது, குறிப்பாகச் சின்ன ட்வீட்டரை. எனவே புது ஸ்பீக்கர் வாங்கும்போது '300 வாட்' என்ற பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். சென்சிடிவிட்டி என்று டெசிபலில் போட்டிருப்பதைப் பாருங்கள். 88க்குப் பதில் 91 டெசிபல் என்றால், அதே செட்டின் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஓம் மட்டும் பழைய ஸ்பீக்கரில் உள்ளபடியே இருக்கட்டும். ஆறரை அங்குலக் கோஆக்ஸியல் ஜோடி இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறில் கிடைக்கிறது. கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்துக்கு எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

இத்தனையும் செய்து புது ஸ்பீக்கரை அப்படியே திருகினால் கரகரப்புப் போகும். கும்கி வராது. காரணம் கதவு. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் போகும் அலையும் பின்னால் போகும் அலையும் நேர் எதிரானவை. 85 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் நாலு மீட்டர். ஒரு மீட்டர் கதவு அதற்கு ஒரு தடுப்பே அல்ல. பின் அலை கதவுக்குள் இருக்கும் கையகல ஓட்டைகள் வழியே வெளியே வந்து முன் அலையை அழித்துவிடுகிறது. 3,400 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் பத்து சென்டிமீட்டர்தான். அதனால் வலந்தலைக்குச் சேதமில்லை.

அந்தக் காலத்து வாக்குவம் பிரேக் வண்டியில், எஞ்சினில் 53 சென்டிமீட்டர் ஏறவில்லை என்றால் உடனே எஞ்சினையா மாற்றுவோம்? எந்தப் பெட்டியின் ஹோஸ் பைப்பில் கசிவு என்று தேடிக்கொண்டு போவோம். இங்கும் அதுவேதான் வேலை.

டோர் பேடைக் கழற்றியதும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை தெரியும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டைத் துடைத்து, அலுமினியம் மேலொட்டிய பியூட்டைல் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள்: டின் சத்தம் போய் மரச் சத்தம் வர வேண்டும். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூடுங்கள். மலிவென்று மொட்டை மாடித் தார் ஷீட்டை வாங்க வேண்டாம். தில்லி மே மாதத்தில் அது உருகி வழியும், நாற்றமும் போகாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கதவு துருப்பிடித்துவிடும்.

ஸ்பீக்கருக்கு அடியில் பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில், 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் வளையம் வெட்டி வார்னிஷ் அடித்துப் போட்டேன். எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஊறி உப்பும். வளையத்தைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டினால் இண்டு இடுக்கு அடைபடும்.

இரண்டு எச்சரிக்கைகள். வேலைக்கு முன் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சற்று நேரம் விடுங்கள். மஞ்சள் நிற ஒயர், கப்ளர் எதையும் தொடாதீர்கள், அது ஏர்பேகுடையது. சில புது வண்டிகளில் மோதலை உணரக் கதவுக்குள்ளேயே காற்றழுத்த சென்சார் இருக்கிறது. அப்படிப்பட்ட கதவில் ஓட்டை அடைப்பதோ ஸ்பீக்கர் மாற்றுவதோ சர்வீஸ் சென்டரைக் கேட்காமல் கூடாது. வாரண்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டாமல், அந்த மாடலுக்கான கப்ளர் வாங்கிச் சொருகிக்கொள்ளுங்கள்.

மூடுவதற்கு முன் பிளஸ், மைனஸ் பாருங்கள். ஸ்பீக்கர் முனைகளில் ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டால், பிளஸ் சரியாக இருக்கும்போது கோன் வெளியே துள்ளும். ஒரு கதவில் மட்டும் மாறிப்போனால் இடதும் வலதும் ஒன்றையொன்று தின்று, பழையபடி பேஸ் போய்விடும்.

இதற்கு மேலும் வேண்டும் என்கிற இளைஞர்கள், சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குல வூஃபர் போடலாம். ஆம்பிளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கும், டிக்கி காலியாக இருக்கும். அதற்கான ஒயர் நேரே பாட்டரியிலிருந்து வர வேண்டும். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், இடையில் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டதும் தீப்பிடிக்கும். வேலையைக் கடையில் கொடுத்தாலும், பானெட்டைத் திறந்து இந்த ஃபியூஸை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.