கணையநாளத்தில் கிருமி புகும் வழி

கணையம் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீரைச் சுரக்கிறது. அதை முன்சிறுகுடலுக்குக் கொண்டு சேர்ப்பது கணையநாளம். தலைப்பகுதியில் அதன் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். 1642-இல் இத்தாலியின் பதுவா நகரில் இதை விவரித்த விர்சுங்கின் பெயராலும் இந்நாளம் அழைக்கப்படுகிறது.

பெரும்பாலானோருக்குக் கணையநாளமும் பித்தநாளமும் குடலில் ஒரே வாயிலில் திறக்கின்றன. குடல் கிருமிகள் மேலேறாமல் காப்பவை இரண்டு: வாயிலைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை, குடலை நோக்கி ஓயாமல் இறங்கும் நீரோட்டம். கணையப் புற்றுநோய் பெரும்பாலும் தலைப்பகுதியில் தோன்றுவதால் கட்டி இரு நாளங்களையும் நெருக்கிவிடும். ஸ்கேனில் இரண்டும் ஒருசேர வீங்கித் தெரியும். தேங்கிய நீரில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டிரோகாக்கஸ் போன்ற கிருமிகள் பெருகுகின்றன.

தொற்று அதிகம் தாக்குவது பித்தநாளத்தைத்தான். குளிர்காய்ச்சல், மஞ்சள்காமாலை, வலப்பக்க மேல்வயிற்று வலி ஆகியவை அதன் அடையாளங்கள். கணையநாளத்தில் சீழ் பிடிப்பது அரிது. அப்போது மஞ்சள்காமாலை இல்லாமலே காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் வரலாம். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அடைபட்ட இடத்தில் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. எண்டோஸ்கோப்பி வழியே ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்தித் தேக்கத்தை வடிக்க வேண்டும்.

ஆனால் வாயிலைக் கடந்து நிற்கும் ஸ்டென்ட், சுருக்குத்தசையின் காவலைக் குலைக்கிறது. அதன் உட்சுவரில் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிந்து குழாயை அடைக்கின்றன. பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாதங்களிலேயே அடைபடக்கூடும். உலோக ஸ்டென்ட் கூடுதல் காலம் தாங்கும். கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிருமிகள் கட்டிக்குள்ளும் இருக்கின்றன. 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், பரிசோதித்த 113 கணையப் புற்றுக்கட்டிகளில் 86-இல் பாக்டீரியா தென்பட்டது. அவற்றில் பல முன்சிறுகுடலில் வாழும் இனங்கள் என்பதால், நாளத்தின் வழியே ஏறி வந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். சில பாக்டீரியாக்களிடம் உள்ள ஒரு நொதி, கணையப் புற்றுக்குத் தரப்படும் ஜெம்சிடபின் மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது. சுண்டெலிகளில் நடந்த சோதனையில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தபோது ஜெம்சிடபின் மீண்டும் பலனளித்தது. எனினும் இந்த ஒரு காரணத்துக்காகவே நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் தருவது வழக்கமான சிகிச்சையாகவில்லை.