டெல்லிக்குப் போங்கண்ணா!

ராசிபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து இரண்டாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எதிர் வரிசையில் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். சோற்றில் குழி செய்து ரசத்துக்குக் காத்திருந்தவரிடம், பக்கத்து இலையில் இருந்த லாரி உரிமையாளர் பேச்சைத் தொடங்கினார்.

“ஏனுங்கண்ணா, ராஜ்யசபாவுக்கு அடுத்து எடம் வருதாமா. இந்தத் தடவை நீங்க கேக்கோணும்.”

“எனக்கெதுக்குங்க அது? இங்கிருந்தா விடிஞ்சதும் வாசல்ல அம்பது பேரு நிக்கறாங்க. டெல்லிக்குப் போனா என்னைய யாரு தேடி வருவாங்க?”

ரசம் வந்தது. பரிமாறியவர் நகரும்வரை பொறுத்திருந்து லாரிக்காரர் சொன்னார்: “அந்த அம்பது பேருல பாதிப்பேரு சோலி டெல்லியிலதானுங்கண்ணா கெடக்குது.”

பேச்சு அத்தோடு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவில்லை. லாரிக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்குள் போய் நின்று பாருங்கள். கேபினே இல்லாத வெறும் சேஸ் வந்து நிற்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலும் புழுதியும் முகத்தில் அடிக்க, ஒருவர் அதை நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். வெல்டிங் பொறி பறக்க, தகரம் வளைய, பெயின்ட் வாசம் மூக்கில் ஏற, அந்த எலும்புக்கூடு லாரியாகி வெளியே போகும். இந்தத் தொழிலை நம் ஆட்கள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். அதன் விதிகள் மட்டும் டெல்லியில் எழுதப்படுகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. நல்ல விதி. மே மாத வெயிலில் இன்ஜின் சூட்டோடு நாக்பூர் வரை ஓட்டிப் போகிறவரைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் கேபினைக் கையால் கட்டுகிற சின்னப் பட்டறை அந்தச் செலவை எப்படித் தாங்கும், சான்றுக்கு எங்கே அலையும் என்பதெல்லாம் விதி எழுதும் மேசையில் பேச வேண்டிய விஷயங்கள். அந்த மேசைப்பக்கம் நம் சட்டமன்ற உறுப்பினருக்கு நாற்காலி கிடையாது. சுங்கக் கட்டணம், நேஷனல் பர்மிட், மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எட்டுவழிச் சாலையை இங்கே யார் மறந்திருப்பார்கள்? 2018-இல் சேலம்–சென்னை பசுமைவழிச் சாலைக்காகப் பூலாவரியிலும் அச்சாங்குட்டப்பட்டியிலும் வயலுக்குள் அளவைக் கல் நட்டபோது, தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவே நின்று பெண்கள் அழுததைப் பார்த்தவர்கள் நாம். மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்கு ஓடினார்கள், எம்.எல்.ஏ. வீட்டுக்கு ஓடினார்கள். திட்டமோ மத்திய அரசுடையது. நிலமெடுப்புத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் நடந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், திட்டத்தைச் சட்டப்படி தொடரலாம் என்றது. இரண்டரை வருஷம் அந்தக் குடும்பங்கள் தூங்கவில்லை. அந்த வரப்புகளில் நடந்து பழகிய ஒருவர் அப்போது நாடாளுமன்றத்தில் எழுந்து, ஊர்ப் பெயரைச் சொல்லி, கிணற்றின் ஆழத்தைச் சொல்லிப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

இங்கிருந்து போனவர்களே இல்லையா? இருக்கிறார்கள், அதுவும் முதல் வரிசையில். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் கையில் இருந்தன. சட்டசபையில் இவ்வளவு பார்த்த மனிதர், இனி போதும் என்று வீட்டில் உட்காரவில்லை. இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதராகப் போய்விட்டு வந்து, 1954-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். அதே வருஷம் அதே சென்னை மாநிலத்திலிருந்து அதே அவைக்குள் நுழைந்த இன்னொருவர் அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன். அப்பா காங்கிரஸ், மகள் கம்யூனிஸ்ட். 1957-இல் இருவரும் மக்களவைக்கு ஜெயித்தார்கள்: அவர் திருச்செங்கோட்டில், மகள் கோயம்புத்தூரில். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு கொள்கைகள் டெல்லியில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்த அந்த வருஷங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சுப்பராயன் 1959 முதல் 1962 வரை மத்தியப் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். இன்றைக்கு லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பேர்போன திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் அறுபது வருஷத்துக்கு முன்பே இந்தியாவின் போக்குவரத்துத் துறையை நடத்தியிருக்கிறார். சேலம் உருக்காலைக்கு 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அடுத்த வருஷம் எஃகுத் துறை அமைச்சரானவர் சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம். நாற்காலி எங்கே இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது.

பின்னாளிலும் ஆள் போகாமல் இல்லை. 1980, 1984 தேர்தல்களில் ராசிபுரத்தில் ஜெயித்துச் சட்டமன்றம் போன கே.பி. ராமலிங்கம் 2010-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அந்த வருஷம் தி.மு.க. அனுப்பிய மூவரில் டி.எம். செல்வகணபதியையும் சேர்த்து இரண்டு பேர் நம் பக்கத்துக்காரர்கள். 2025-இல் போன எஸ்.ஆர். சிவலிங்கம், தொகுதி மறுவரையறையில் காணாமல்போன பனமரத்துப்பட்டியின் முன்னாள் எம்.எல்.ஏ.

ஆனாலும் மாநிலங்களவை என்றால் தோற்றவருக்குத் தரும் ஆறுதல் பரிசு, வயதானவருக்குப் போர்த்தும் பொன்னாடை என்றொரு எண்ணம் ஊருக்குள் ஊறிக் கிடக்கிறது. இந்த எண்ணத்தோடு எனக்குச் சண்டையே உண்டு. 1962-இல் காஞ்சிபுரத்தில் தோற்றவர்தான் அண்ணா. அவரைச் சட்டமன்றத்துக்குள் விடாமல் தடுத்துவிட்டதாகக் காங்கிரஸ்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஜெயித்து வந்த 50 தி.மு.க. எம்.எல்.ஏ.க்களின் பலத்தில் அவர் மாநிலங்களவைக்குப் போனார். 1962 மே 1 அன்று அங்கே அவர் பேசிய கன்னிப் பேச்சு இந்தியா முழுக்கக் கேட்டது. காஞ்சிபுரத்தில் ஜெயித்திருந்தால் அந்தப் பேச்சு கோட்டைக்குள்ளேயே முடிந்திருக்கும்.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் கே.பி. முனுசாமி வேப்பனஹள்ளியிலும் ஆர். வைத்திலிங்கம் ஒரத்தநாட்டிலும் ஜெயித்தார்கள். அப்போது இருவருமே அ.தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர்கள். ஒருவரே இரண்டு அவையிலும் இருக்க அரசமைப்புச் சட்டம் இடம் தராது. 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால் நாடாளுமன்றப் பதவி தானாகப் போய்விடும். இருவரும் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்து ராஜ்யசபாவை ராஜினாமா செய்தார்கள். காலியான இரண்டு இடமும் தி.மு.க.வுக்குப் போயின. ஒன்று கனிமொழி என்.வி.என். சோமுவுக்கு, இன்னொன்று நாமக்கல்காரரான கே.ஆர்.என். ராஜேஷ்குமாருக்கு. எஞ்சியிருந்த சில மாதப் பதவிக்காகப் போனவர், 2022 ஜூனில் முழு ஆறு வருஷத்துக்கு மறுபடியும் தேர்வானார். ஒருவர் வேண்டாமென்று எழுந்த நாற்காலி நாமக்கல்லுக்கு வந்தது.

“நாங்க ஆசைப்பட்டா ஆச்சா? ஓட்டு எங்ககிட்ட இல்லியே” என்று வாசகர் கேட்பது என் காதில் விழுகிறது. ஓட்டு எம்.எல்.ஏ.க்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 18 இடம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆறு ஆறாகக் காலியாகும் என்பது பொது ஏற்பாடு. 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால் ஒருவர் ஜெயிக்க 34 ஓட்டு வேண்டும். வேட்புமனுவில் முன்மொழிய 10 எம்.எல்.ஏ.க்கள் போதும். 2003-க்குப் பிறகு, போட்ட ஓட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டியாக வேண்டும். ஆகவே தலைமை யார் பெயரைச் சொல்கிறதோ அவர்தான் போவார். 2014 முதல் 2025 வரை தமிழ்நாட்டில் மாநிலங்களவைத் தேர்தல் எல்லாம் போட்டியின்றியே முடிந்தது இதனால்தான்.

இருக்கட்டும். சேலம் மாவட்டத்தில் 11 தொகுதி, நாமக்கல்லில் 6. மொத்தம் 17. ஒரு இடத்துக்கு வேண்டிய 34-இல் சரிபாதி நம் இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பதினேழும் ஒரே கட்சி ஆகாது, தெரியும். ஆனால் ஒவ்வொரு கட்சித் தலைமையிடமும் “எங்க பக்கம் பத்து வருஷம் எம்.எல்.ஏ.வா இருந்து தேர்ந்த ஆள் ஒருத்தர் இருக்கார், அவரை அனுப்புங்க” என்று அந்தந்தக் கட்சியின் ஆட்கள் கேட்கலாமே! அமைச்சர் பதவி கேட்டுச் சென்னைக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் இதற்கு ஏன் போகக் கூடாது?

அமெரிக்காவில் மாநில அவையிலிருந்து நாட்டின் அவைக்குப் போவது பழகிப்போன பாதை. இல்லினாய் மாநிலத்தின் செனட்டராக ஏழு வருஷத்துக்கு மேல் இருந்தவர்தான் ஒபாமா. 2004-இல் நாட்டின் செனட்டுக்கு ஜெயித்தார், நாலு வருஷத்தில் அதிபர் தேர்தலையும் ஜெயித்தார். அங்கேயும் ஒரு காலத்தில் மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. 1913-இல் அதை மாற்றி மக்களிடமே ஓட்டைக் கொடுத்துவிட்டார்கள். நமக்கு அந்த ஓட்டு இல்லாததால்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

போய் என்ன செய்ய முடியும்? திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கைகள் உரிமைக்கான தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாக எந்தத் தனிநபர் மசோதாவுக்கும் அந்த அவையில் கிடைக்காத வெற்றி. நிலைக்குழுக்கள் என்று ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் 31 பேர், அதில் 10 பேர் மாநிலங்களவைக்காரர்கள். சாலைப் போக்குவரத்தை ஆராயும் குழு மாநிலங்களவைத் தலைவரின் கீழ்தான் வருகிறது. துறைச் செயலாளரை எதிரே உட்காரவைத்து, பட்டறைக் கணக்கை எடுத்துப் போட்டுக் கேள்வி கேட்கும் இடம் அது. இந்தி தெரியாதே, இங்கிலீஷ் ஓடாதே என்ற கூச்சம் பலருக்கு. 2018 முதல் எட்டாவது அட்டவணையின் 22 மொழியிலும் மாநிலங்களவையில் பேசலாம். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்காக அந்த முன்னாள் எம்.எல்.ஏ. வீட்டுக்கு ஒரு நாள் காலை ஆறரைக்கே போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் பெஞ்சு நிறைந்திருந்தது. ரயில்வே கேட் மூடினால் ஊர்ப் பிள்ளைகள் அரை மணி நேரம் நிற்பதாக ஒரு பெரியவர். மகனுடைய பி.எஃப். பணம் வரவில்லை என்று ஒரு அம்மா. பைபாஸைக் கடக்க ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று மூன்று பேர், கையில் வரைபடத்தோடு. எல்லாரையும் “வாங்க, உக்காருங்க” என்று டீ கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு ஒவ்வொருவரிடமும் அதே பதிலைச் சொன்னார்: “இது நம்ம கையில இல்லீங்க. டெல்லியில பேசோணும்.”

கூட்டம் கலைந்தபின் கேட்டேன்: “நீங்களே போய்ப் பேசலாமேண்ணா?”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். “கல்யாணத்துல அவரு சொன்னதையே நீங்களும் சொல்றீங்க. எழுதிக் குடுங்க, யோசிக்கறேன்” என்றார்.

எழுதிவிட்டேன் அண்ணா.