பால் சுரப்பின் இயல்பும் பரிவின் இன்றியமையாமையும்

பாலூட்டல் என்பது தாயின் உடலும் சேயின் உடலும் ஒன்றையொன்று தூண்டி, ஒன்றன் தேவையை மற்றொன்று அளந்தறிந்து இயங்கும் இணைவினை ஆகும். அவ்வினை இரு கூறுகளை உடையது. மார்பகத்தின் நுண்ணறைகளில் பால் உருவாதல் சுரப்பு. அவ்வறைகளைச் சூழ்ந்த தசையிழைகள் சுருங்கிப் பாலைக் குழல்களின் வழியே காம்பிற்குச் செலுத்துதல் பொழிவு. சுரப்பு நிறைந்திருந்தும் பொழிவு தடைப்படலாம் என்பதே புதுத்தாய்க்குத் துணைநிற்போர் முதற்கண் அறியவேண்டிய உண்மை.

சேய் பால் குடிக்குந்தோறும் நரம்புவழிச் செய்தி மூளையை அடைய, மூளையடிச் சுரப்பியின் முன்மடல் சுரப்பூக்கியையும் பின்மடல் பொழிவூக்கியையும் குருதியில் கலக்கின்றன. மார்பில் பால் தேங்கினால் ஆக்கம் தணிகிறது. வெளியேறினால் ஆக்கம் பெருகுகிறது. அமினோக் காடிகள் ஒன்பது கோத்தமைந்த பொழிவூக்கியை ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ, 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். குழந்தையின் அழுகுரல் கேட்ட அளவிலேயே இவ்வூக்கி வெளிப்படக்கூடும். அச்சமும் வலியும் அதனைத் தடுக்கக்கூடும். எனவே, துணைநிற்போரின் பரிவும் பாலூட்டலின் உறுப்புகளுள் ஒன்றாகிறது.

அத்துணை மூவகைப்படும்: பற்றல் திருத்தம், போதுமை அறிதல், சுமை தணித்தல்.

பற்றல் செவ்விதாயின், குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கும். கீழுதடு வெளிநோக்கி மடிந்திருக்கும். முகவாய் மார்பைத் தொடும். காம்பைச் சூழ்ந்த கருவளையம் மேலுதட்டின் பக்கமே மிகுதியாகத் தெரியும். பிடரியைப் பிடித்துத் தலையை மார்பில் அழுத்தினால் குழந்தை பின்னோக்கி வளைந்து மறுக்கும். தோளையும் முதுகையும் தாங்கினால் தானே தேடி வந்து பற்றும். போதுமையைச் சிறுநீர் காட்டும்: ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் துணி நனைதல் நற்குறி. முதல் நாளின் சீம்பால் சில துளிகளே எனினும், பிறந்த குழந்தையின் சிறு இரைப்பைக்கு அவ்வளவே பொருந்தும். அதனைக் கண்டு ‘பால் இல்லை’ என உரைப்பது தாயின் நம்பிக்கையைக் குலைக்கும். சுமை தணித்தலாவது, தாய்க்கு உணவும் உறக்கமும் வாய்க்குமாறு வீட்டுவேலையைப் பிறர் ஏற்பது.

இம்மூன்றும் முன்னர்த் தாய்வீட்டில் மூத்த பெண்டிரால் இயல்பாகவே நிகழ்ந்தன. கொல்கத்தாவின் கிழக்கே கணினித் தொழிலால் வளர்ந்த நியூ டவுன் போன்ற புதுநகரங்களிலோ, பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் இளந்தாய்க்கு அத்துணையை மருத்துவமனையும் அலுவலகமும் கணவனும் அண்டை வீட்டாரும் வகுத்தளிக்க வேண்டும். சட்டமும் இதற்கு வழிகோலியது: 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு மகப்பேற்று விடுப்பை 26 கிழமைகளாக உயர்த்தி, ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய்ப்பால் எட்டாத குறைமாதக் குழந்தைகளுக்காகக் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் 2013இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. இத்தகைய வங்கிகளில் கொடைப்பால் 62.5 பாகை செல்சியசில் முப்பது மணித்துளி சூடேற்றித் தூய்மையாக்கப்படுகிறது.

முயன்றும் பால் போதாத தாயர் உளர். அவர்களுக்கு மருத்துவர் வகுக்கும் மாற்றுணவு குற்றமாகாது. பழிக்கு அஞ்சும் உள்ளம் உதவி கேட்கத் தயங்கும். தயக்கம் நீங்கிய தாயே குறையை உரிய நேரத்தில் உரைப்பாள். ஆதலின், அறிவுரைக்கு முன் அவள் சொல்வதைக் கேட்டறிதலே துணைநிற்போரின் முதற்கடன்.