வலிக்காத கட்டி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

"வலி இருந்திருந்தா சொல்லியிருப்பேனே, கண்ணு!"

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவாறு என் அத்தை சொன்ன சொற்கள் இவை. மார்பில் தோன்றிய கட்டியை அவர் பதினான்கு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது காலம் கடந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தறிக்குழியில் அமர்ந்து அத்தை ஈட்டிய கூலியில்தான் பள்ளிக்கூட நாட்களில் எனக்கு நோட்டுப் புத்தகங்கள் வந்தன. நான் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போது அவர் மறைந்தார்.

சென்ற ஆண்டு, மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் தொண்டு செய்யச் சேர்ந்தேன். என் துயரை ஆற்றிக்கொள்ளவே சேர்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. படிவம் நிரப்புவது, மேமோகிராம் அறைக்கு வழிகாட்டுவது, வீடு வீடாகச் சென்று பெண்களிடம் பேசுவது ஆகியவை என் வேலைகள்.

நம் உடலின் செல்கள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டே பிரிகின்றன. மார்பகத்தின் பால் நாளங்களிலோ பால் சுரக்கும் நுண்மடல்களிலோ உள்ள செல்கள் அவ்வொழுங்கை மீறிப் பெருகுவதே மார்பகப் புற்றுநோய். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்தால்தான் நோய் என்று நம்பும் நம் பெண்கள் அங்கேதான் ஏமாந்துவிடுகிறார்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்வாங்குதல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது தொற்றுநோய் அன்று. அரிதாக ஆண்களுக்கும் வரும். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் அறிதல் வேண்டும்.

செல் பிரிதலைத் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்தவள்தான். அப்பாடத்தின் பொருள் எனக்கு விளங்கியது ஓர் அடுக்களையில். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கதவைச் சாத்திவிட்டு, "தங்கச்சி, உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்றார். என் அத்தை சொல்லாமல் விட்ட சொல் அது! மறுநாளே மருத்துவமனைக்கு உடன் சென்றேன். ஊசியால் திசு எடுத்துச் சோதித்ததில், அது வெறும் நார்க்கட்டி எனத் தெரிந்தது. "பத்து நாள் என் தூக்கத்தைக் கெடுத்துட்டியே!" என்று கடிந்துகொண்டார். ஆனால், அடுத்த சனிக்கிழமை தம் நாத்தனாரை அவரே அழைத்து வந்தார்.

துயரத்தைத் தொண்டாக்கிய பெரியோர் நம்மிடையே வாழ்ந்திருக்கின்றனர். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார்.

அவர்கள் செய்தது மலையளவு. நான் செய்வது கடுகளவு. என் அத்தையை அது மீட்டுத் தராது. ஆயினும், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குப் பட்ட கடனில் ஒரு காசு அடைபடுவதாக உணர்கிறேன்.

தோழியரே, தோழர்களே! விடுமுறைக்கு வீடு செல்லும்போது உங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று கேளுங்கள்.