கலந்தாய்வா, நிர்வாக ஒதுக்கீடா? நெய்வேலியின் தலித் மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே அறிய வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் மாதத்தில் நடக்கிறது. முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. இந்த இடைவெளியில்தான் நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள சேரிகளுக்குள் கல்லூரித் தரகர்கள் நுழைகிறார்கள். கையில் வண்ணத் துண்டறிக்கை, வாயில் ஒரே வாக்குறுதி: "எஸ்.சி. பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது, உதவித்தொகை வந்துவிடும், இப்போதே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்." முன்பணமாகச் சில ஆயிரங்களும் அசல் சான்றிதழ்களும் கைமாறுகின்றன. அரசின் கலந்தாய்வு தொடங்கும்போது அந்த மாணவர் ஏதோவொரு சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பார். தரகர் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதிக்கான விலையைக் குடும்பம் நான்காண்டுகள் கட்டுகிறது.

அந்தப் பாதி உண்மை எது என்பதை முதலில் பார்ப்போம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் மிக முக்கியமான விரிவாக்கம் 2012 செப்டம்பர் 11ஆம் நாளிட்ட அரசாணை எண் 92. சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் ஆகியோரின் திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது அது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கிராமங்களிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போன முதல் தலைமுறையில் பெரும்பகுதி இந்த ஆணையின் பிள்ளைகள்தாம்.

தரகர் சொல்லாமல் விடுவது இதுதான்: ஒன்றிய அரசு 2018இல் திருத்திய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்த உதவித்தொகை இல்லை. சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் 65 விழுக்காடு இடங்கள் அரசு ஒதுக்கீடு, 35 விழுக்காடு நிர்வாக ஒதுக்கீடு; சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதிக்குப் பாதி. ஆகவே ஒரே வகுப்பறையில், ஒரே பெஞ்சில், ஒரே சேரியைச் சேர்ந்த இருவர் அமர்ந்திருக்கலாம். கலந்தாய்வு வழியே வந்தவரின் கட்டணத்தை அரசு செலுத்தும். தரகர் வழியே வந்தவர் அதே கட்டணத்தை, பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக, கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுவார்.

இதில் நம்மை மிகவும் வருத்துவது, அந்தக் கடன் பெரும்பாலும் தேவையே இல்லாதது என்பதுதான். ஒவ்வோராண்டும் பொறியியல் கலந்தாய்வு முடிவில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பல்லாயிரக்கணக்கில் காலியாகவே கிடக்கின்றன. தரகர் அழைத்துச் செல்லும் கல்லூரிகள் பெரும்பாலும் இந்தக் காலி இடங்கள் உள்ள கல்லூரிகளே. இரண்டு மாதம் பொறுத்திருந்தால், அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், கட்டணமின்றி இடம் கிடைத்திருக்கும். கலந்தாய்வுக்கான பதிவுக் கட்டணம் எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. மாணவர்களுக்கு 250 ரூபாய்தான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழிப் பதிவுக்கு இரண்டே ரூபாய்.

நெய்வேலிக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் இம்மண்ணில் இரண்டு வகைத் தொழிலாளர் குடும்பங்களை உருவாக்கியிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர் நகரியத்தின் வட்டங்களில் குடியிருப்பு பெற்றவர். அவர் வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். ஒப்பந்தத் தொழிலாளரின் வருமானமோ அந்த எல்லைக்குக் கீழே அல்லது அதை ஒட்டியே நிற்கும். மாதக் கணக்கில் அந்த எல்லை 20,833 ரூபாய். சில நூறு ரூபாய் மிகைநேர ஊதியம் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் பறித்துவிட முடியும் என்ற இந்த விதியை மாற்றப் போராட வேண்டும். அதுவரை வருமானச் சான்றிதழை எந்த ஆண்டுக்கு, எந்த ஆவணத்தின் அடிப்படையில் பெறுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

எல்லையைத் தாண்டிய நிரந்தரத் தொழிலாளரின் பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது. குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் பெறலாம். அதற்குச் சாதி வரம்போ வருமான வரம்போ இல்லை. தொழிற்கல்விப் படிப்பின் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஆனால் இதற்கும் கலந்தாய்வு வழியே சேர்ந்திருக்க வேண்டும். அண்ணனோ அக்காளோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் சலுகை இல்லை.

அடுத்தது பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் 2021இலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள் சட்டமாயின. விடுதிச் செலவு உட்பட அனைத்தையும் அரசு ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதற்குள் வரா. பொதுத்துறை நிறுவனம் நடத்தும் பள்ளி என்பதாலேயே ஒன்று அரசுப் பள்ளி ஆகிவிடாது. நகரியத்துப் பள்ளியில் இடம் கிடைத்தால் பெருமை என்று ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை மாற்றும் பெற்றோர், என்ன உரிமையைக் கைவிடுகிறோம் என்பதை அறிந்தே மாற்ற வேண்டும். மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை மே மாதம் மிகவும் தாமதம். பட்டியல் சாதியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்கள் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் வட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. தந்தையின் பழைய சான்றிதழில் இன்று சுரங்கப் பள்ளமாகிவிட்ட ஓர் ஊரின் பெயர் இருக்கக்கூடும். அப்படிப் பெயர்ந்து வந்த குடும்பம் இப்போதைய இருப்பிடத்தை நிறுவ கிராம நிர்வாக அலுவலரிடம் பலமுறை நடக்க நேரும். அந்த நடையைப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்துவிட வேண்டும். அருந்ததியர் மாணவர் தம் சான்றிதழில் உட்பிரிவு சரியாகப் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். 18 விழுக்காட்டிற்குள் அமைந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கிறித்துவத்தைத் தழுவிய ஆதிதிராவிடர் இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்பட்டாலும், மாநில அரசின் கட்டணச் சலுகையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலேயே விட்டவர்கள் பலர்.

பெயர்ப் பிழை சிறியதாகத் தோன்றும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் வேறொன்று, வங்கிக் கணக்கில் மூன்றாவது. 2021 முதல் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு ஆதாருடன் இணைந்த மாணவரின் வங்கிக் கணக்கிற்கு நேரடியாக வருகிறது. பெயர் பொருந்தாவிட்டால் பணம் வராது. கல்லூரி அலுவலகம் மாணவரைத்தான் துரத்தும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன் திருத்துவது எளிது. பிறகு அது ஒரு தனிப் போராட்டம்.

இன்னொன்று, மே மாதத்திற்கு முன்பே மூடிவிடும் கதவுகள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. அது ஒன்றிய அரசின் பல்கலைக்கழகம். திருவாரூரில் உள்ளதும் அவ்வாறே. 2022 முதல் இவற்றின் இளநிலைச் சேர்க்கை க்யூட் நுழைவுத்தேர்வு வழியே நடக்கிறது. பதிவு பொதுத்தேர்வுக்கு முன்போ அதை ஒட்டியோ முடிந்துவிடுகிறது. தேசியச் சட்டப் பள்ளிகளுக்கான கிளாட் டிசம்பரிலேயே நடந்துவிடும். நகரியத்து வீடுகளில் இந்த நாள்காட்டி பதினொன்றாம் வகுப்பிலேயே பேசப்படுகிறது. காவிரிப் படுகையோ கடலோ அல்ல, ஒரு மதில்தான் இடையில் இருக்கிறது. ஆனால் செய்தி அந்த மதிலைத் தாண்டி வருவதில்லை.

பட்டம் இங்கே வெறும் அலங்காரம் அல்ல. நிலம் கொடுத்தவருக்கு வேலை என்ற முழக்கத்தில், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து பட்டாவே இல்லாமல் வெளியேறிய தலித் குடும்பங்கள் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கின்றன. 2022இல் 299 பட்டதாரிப் பொறியாளர் பணியிடங்களைக் கேட் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்ப நிறுவனம் முற்பட்டபோது தமிழ்நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அதே வேளையில், பெயரளவுக்கு ஆசிரியர்கள் உள்ள ஒரு கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் கடனோடு படித்தவர் அந்தத் தேர்வின் அருகில்கூடப் போக முடியாது என்பதையும் நாம் பேச வேண்டும்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, பள்ளியோடு விடுதியையும் சேர்த்தே சிந்தித்தார். வழிகாட்டுதலையும் அப்படித்தான் அணுக வேண்டியிருக்கிறது. இயக்கங்கள் மே மாதத்தில் மண்டபம் பிடித்து நடத்தும் விளக்கக் கூட்டங்கள் நல்லவை. ஆனால் அங்கே வருபவர்களில் பலருடைய சான்றிதழ்கள் அதற்குள் வேறொருவரின் பீரோவில் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஜூன், ஜூலையில் சேரிக்குள்ளேயே, ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் அக்காள்களும் அண்ணன்களும் வீடு வீடாகப் போவதே பயன் தரும்.

ஏற்கெனவே சான்றிதழைக் கொடுத்துவிட்டவர்களும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. கலந்தாய்வுக்குப் பதிவு செய்யச் சான்றிதழ்களின் ஸ்கேன் படிகளே போதும் என்பதால், அசல் கையில் இல்லாவிட்டாலும் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். சான்றிதழைத் திருப்பிக் கேட்பதை வாய்மொழியாகச் செய்யாமல் கடிதமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, நகலைக் கடலூரில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கு அனுப்ப வேண்டும். கடிதத்தில் நாள் குறிப்பிட மறக்கக் கூடாது.