பால்கனியில் ஏரி தெரிகிறதா? பத்திரத்திலும் தேடுங்கள்!

மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’, அதாவது ஏரிக்கரைச் சாலை. அங்கும் ஏரி இல்லை. மாம்பலம் ஏரியை வடித்துத்தான் 1920-களில் தி.நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரியைத் தூர்த்து, ஏரியின் பெயரைத் தெருவுக்கு வைப்பது சென்னைக்குப் பழகிப்போன விஷயம்.

இப்போது ஏரி இருக்கும்போதே அதன் பெயரில் வீடு விற்கிறார்கள். போரூர், கொரட்டூர், வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் போனால் ‘லேக் வியூ’, ‘லேக் ஃப்ரன்ட்’ என்று பேனர்கள். பால்கனியில் காபி கப், பின்னால் நீலத் தண்ணீர், கீழே சைக்கிள் ஓட்டும் குழந்தைகள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அப்பாவுக்குக் காலையில் நடக்க ஓர் இடம், பிள்ளைகளுக்கு விளையாட மைதானம், ஜன்னலைத் திறந்தால் காற்று. நகரத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால், 20 வருடம் இ.எம்.ஐ. கட்டப்போகும் வீடு. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எந்தப் பக்கம் போகும் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

ஏரிக்கு இரண்டு பக்கம்

நம் ஊர் ஏரிகள் பெரும்பாலும் மனிதர்கள் கட்டியவை. நிலம் சரியும் பக்கத்தில் ஒரு கரையைப் போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். கரைக்கு உள்ளே தண்ணீர் பரவும் பகுதி உள்வாய். கரைக்கு வெளியே, மதகு வழியாகப் பாசனம் பெற்ற வயல்கள் ஆயக்கட்டு. ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் இடம் கலங்கல்.

இந்த மூன்று சொற்களும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்வாயில் வீடு என்றால் ஏரிக்குள்ளேயே குடியிருக்கிறீர்கள். அது பலருக்கும் புரிகிறது. புரியாமல் போவது ஆயக்கட்டுதான். அது பட்டா நிலம், ஆவணங்கள் சுத்தமாக இருக்கும், வங்கியும் லோன் தரும். ஆனால் மதகுத் தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே அந்த வயல்கள் ஏரியைவிடத் தாழ்வாக இருந்தன. அங்கே கட்டிய வீடும் அதே பள்ளத்தில்தான் நிற்கும். கலங்கலுக்கு நேர் எதிரே என்றால் கேட்கவே வேண்டாம்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை மீறியபோது முடிச்சூர் முதல் கோட்டூர்புரம் வரை என்ன ஆனது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தெருவில் படகு வந்தது. இரண்டு முறையும் ஆவணம் சரியாக வைத்திருந்த வீடுகளும் மூழ்கின.

செக்யூரிட்டி அண்ணனிடம் கேளுங்கள்

பில்டரின் ஆபீஸுக்குப் போகும் முன்பு அந்தத் தெருவின் டீக்கடைக்குப் போங்கள். பக்கத்து அபார்ட்மென்ட் செக்யூரிட்டியிடம், “அண்ணே, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல கரன்ட் எத்தனை நாள் இல்ல?” என்று கேளுங்கள். எந்த பிரவுச்சரிலும் இல்லாத பதில் கிடைக்கும். முடிந்தால் நவம்பரில், நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் எல்லா ஏரியாவும் அழகுதான்.

‘நாங்க வாங்குறது எட்டாவது மாடி, எங்களுக்கென்ன?’ என்று நினைக்கலாம். மின் பேனல் போர்டும் ஜெனரேட்டரும் தரைத்தளத்தில் இருந்தால், எட்டாவது மாடிக்கும் லிஃப்ட் கிடையாது, மோட்டார் கிடையாது, தண்ணீரும் கிடையாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் யோசித்துப் பாருங்கள். அதனால் மாடல் ஃப்ளாட்டில் கிச்சன் டைல்ஸைத் தடவிப் பார்ப்பதோடு, பேனல் போர்டு எந்த உயரத்தில் வரும், ஜெனரேட்டர் எங்கே, சம்ப் மூடி தெரு மட்டத்துக்கு மேலே இருக்குமா என்றும் கேளுங்கள். கார் பார்க்கிங் தரைக்குக் கீழே என்றால், தண்ணீர் இறைக்கும் பம்ப் கரன்ட் போனாலும் ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஏரி வராது

வில்லங்கச் சான்று பார்த்தாயிற்று, வக்கீல் ஒப்பீனியன் வாங்கியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். வில்லங்கச் சான்றில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவைதான் தெரியும். அந்த இடம் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்பது தெரியாது. அதற்கு வருவாய்த் துறையின் அ-பதிவேடு, புல வரைபடம், பழைய கிராம வரைபடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சர்வே எண் இருந்தால் முதல் இரண்டையும் தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் போனிலேயே தேடலாம். ஏரி, குட்டை, தாங்கல், ஓடை, வாய்க்கால், கழுவெளி என்று ஏதாவது சொல் உங்கள் சர்வே எண்ணிலோ ஒட்டிய எண்ணிலோ வந்தால், கையெழுத்துப் போடும் முன்பு வக்கீலிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் சாட்டிலைட் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. மழைக்காலப் படம் ஒன்று சிக்கினால் அதிர்ஷ்டம்.

கழுவெளி என்றதும் பள்ளிக்கரணை. சுற்றுவட்டாரத்தில் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. பூநாரைகள் வந்து இறங்கும் இந்தச் சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ‘மார்ஷ் வியூ’வுக்குக் காசு கொடுப்பவர்கள், அதே சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீயின் புகை பல நாள் அடங்கவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும் வரை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. இது தொடர்பாக உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. இந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் சர்வே எண்ணோடு சி.எம்.டி.ஏ-வில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. ஏரியைப் பார்த்த வீடு என்றால் தண்ணீர்க் கஷ்டம் இருக்காது என்று ஒரு நம்பிக்கை. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட்கள் லாரிக்காகத்தான் காத்திருந்தன. மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா, லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று பக்கத்துக் குடியிருப்பில் விசாரியுங்கள். கழிவுநீர் கலக்கும் ஏரி என்றால் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். வாசமும் கொசுவும் உண்மையைச் சொல்லிவிடும்.

பிரவுச்சரைத் தூக்கிப் போடாதீர்கள்

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டினால் ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணை தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டால் அனுமதி பெற்ற வரைபடம் கிடைக்கும். விளம்பரத்தில் ‘ஏரியை ஒட்டிய பூங்கா’ என்று காட்டிய இடம் அந்த வரைபடத்தில் மனைக்குள் வருகிறதா, இல்லை அரசு நிலத்தைத்தான் உங்களுக்கு விற்கிறார்களா என்று பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் கேட்க சட்டம் அனுமதிக்கவில்லை. ‘இன்னிக்கே 20 பர்சன்ட் கட்டினா ஆஃபர்’ என்றால் எழுந்து வந்துவிடலாம்.

ரெரா சட்டத்தின் 12-வது பிரிவு பலருக்கும் தெரிவதில்லை. விளம்பரத்தையோ மாடல் ஃப்ளாட்டையோ நம்பிப் பணம் கட்டி, அதில் சொன்னது பொய் என்றால் இழப்பீடு கேட்கலாம். வீடே வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். பிரவுச்சர், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ, ‘இங்க தண்ணியே நிக்காது சார்’ என்று சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். வாயால் மட்டும் சொன்னால், “சார், இதையே ஒரு மெயில்ல அனுப்பிடுங்க” என்று கேட்டுப் பாருங்கள்.