காது மங்கினாலும் பாட்டு புரியும்!
கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு வேலை

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் பெரும்பாலும் ஒன்றேதான். இங்கே ரேடியோ வைத்தால் அங்கே கேட்கும். அங்கே சண்டை நடந்தால் இங்கே கேட்கும்!

இப்படிப்பட்ட சந்துகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

"அப்பா, சத்தத்தைக் குறைங்க. பக்கத்து வீட்டுல திட்டுறாங்க."

"குறைச்சா எனக்கு என்னடா கேட்கும்?"

இருவர் சொல்வதும் நியாயம்தான். அப்பா முப்பது வருடம் தறி ஓடும் மில்லிலோ, லேத் பட்டறையிலோ, பிரஸ் ஷாப்பிலோ வேலை பார்த்தவர். மகன் ஏதோ ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அப்பாவுக்கு வேண்டியது பழைய பாட்டு. மகனுக்கு வேண்டியது தூக்கம்.

சத்தம் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை

இயந்திர இரைச்சலில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது ஒரேயடியாக அடைத்துப் போவதில்லை. முதலில் மங்குவது கீச்சுக் குரல் பகுதிதான். வினாடிக்கு 3,000 முதல் 6,000 வரை அதிர்வுள்ள ஒலிகள் முதலில் போகும். பேச்சில் 'ச', 'ஸ', 'த', 'ட' போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதில் இந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது; அவை தப்பித்துக் கொள்கின்றன.

அதனால்தான் இவர்கள், "சத்தம் கேட்குது, என்ன சொல்றான்னுதான் புரியலை" என்கிறார்கள். வால்யூமைத் திருகினால் ஏற்கனவே நன்றாகக் கேட்கும் மத்தளமும் சேர்ந்து ஏறுகிறது. வார்த்தை அப்போதும் பின்னால்தான் நிற்கிறது. எழுந்து உட்காருவது பக்கத்து வீட்டுக்காரர்!

நடுவில் உட்காரும் மென்பொருள்

முன்பு கேசட் காலத்தில் வசதியுள்ளவர்கள் டேப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஈக்குவலைசர் என்ற பெட்டியை வைத்திருந்தார்கள். வரிசையாக ஏறி இறங்கும் குமிழ்கள் கொண்ட பெட்டி அது. அந்தப் பெட்டியின் வேலையை இன்று காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளே செய்கிறது.

கம்ப்யூட்டரில் பாட்டு என்பது எண்களின் ஓட்டம். வினாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள் ஓடி, கடைசியில் மின்சாரமாகி ஸ்பீக்கரை ஆட்டுகின்றன. அந்த எண்கள் ஸ்பீக்கரை அடையும் முன் வழியில் மறித்து, கணக்குப் போட்டு மாற்றி அனுப்புவதுதான் முறை. யூடியூபில் ஓடினாலும் சரி, சேமித்த பாட்டானாலும் சரி, எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் போகும்.

விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'ஈக்குவலைசர் ஏபிஓ' இருக்கிறது. நிறுவும்போது எந்த ஸ்பீக்கருக்கு என்று குறியிட்டு, கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். லினக்ஸில் 'ஈஸி எஃபெக்ட்ஸ்'. 'விபி கேபிள்' என்ற இன்னொரு வகை, இல்லாத ஒயரை இருப்பதாகக் காட்டும். ஒரு முனையில் விட்ட ஒலி மறுமுனையில் வரும். அந்த முனையை ஸ்பீக்கரில் சேர்க்க மறந்துவிட்டு, "கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது" என்று எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை!

செய்ய வேண்டியது என்ன?

2,000 முதல் 4,000 வரையுள்ள குமிழ்களைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ஆறு டெசிபல் போதும். அதுவே அந்தப் பகுதி அலையின் உயரத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஆறு ஏற்றினால் 'ப்ரீ ஆம்ப்' என்ற இடத்தில் ஆறு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் உச்சவரம்பில் முட்டி, பாட்டு கிழிந்த தகரம் போல் ஒலிக்கும். கீழ்ப்பகுதி 'பாஸ்' குமிழைக் குறைத்தால் அடுத்த வீட்டுக்கு நிம்மதி. சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் அந்த 'தும் தும்'தான்.

'கம்ப்ரஸர்' என்றொரு வசதி உண்டு. உரத்த இடத்தை அமுக்கி, மெல்லிய இடத்தைத் தூக்கும். படம் பார்க்கும்போது பேச்சுக்கு ஏற்றி, சண்டைக்குக் குறைத்து ரிமோட்டோடு மல்லாட வேண்டாம். ஒரு காது மட்டும் மந்தமானவருக்கு இடது, வலது இரண்டையும் கலந்து இரு பக்கமும் அனுப்பலாம். பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோவில் பதிவானவைதான், அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

ஒரு சங்கடம். கணக்குப் போட நேரம் பிடிக்கும். 1,024 எண்களை ஒரு கட்டாக எடுத்தால் சுமார் 21 மில்லி வினாடி தாமதம். பாட்டுக்கு அது தெரியாது. பல மென்பொருள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மட்டும் படத்தில் உதடு முந்தும், குரல் பிந்தும்.

காதுக்கு மருந்தல்ல

இது காது கேட்கும் கருவிக்கு மாற்றல்ல. கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் காதும் கெடும். தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைக்கப்பட்டது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழில் நோய்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அந்த 90 எத்தனை பட்டறைகளில் வெறும் காகிதமாக இருந்தது என்பதை இன்று ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

சிவாஜி நகர் பௌரிங் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இந்தத் துறைக்கென்றே உள்ளது. பரிசோதனையில் தரும் வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. எந்த அதிர்வில் காது எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டுவார்கள். எந்தக் குமிழைத் தொட வேண்டும் என்பதற்கும் அந்தக் கோடே வழி சொல்லும்.

இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு என்பது 2000-ஆம் ஆண்டு விதி. நீலசந்திரா சந்தில் அதை அளக்கக் கருவி தேவையில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் போதும்.